மைக்கைப் பிடித்தால் முதலில் பேர்

நான் முத்துலட்சுமி பேசுகிறேன். முதுகுளத்தூர்ப் பக்கத்து மிளகாய்க் காட்டுக்காரி. ராமேஸ்வரம் தீவில் ஒரு தொடக்கப் பள்ளியில் நாலாம் வகுப்பு டீச்சர். ஒரு மனுஷியைப் பற்றி எழுத வந்துவிட்டு இவள் ஏன் தன் ஜாதகத்தை வாசிக்கிறாள் என்று நீங்கள் நினைப்பது எனக்குத் தெரிகிறது. அந்த மனுஷியிடம் எழுதட்டுமா என்று கேட்டபோது அவர் போட்ட ஒரே நிபந்தனை இதுதான். "எழுதுங்க டீச்சர். ஆனா யாரு பேசுறாகளோ அவுக பேருதான் முதல்ல வரணும். எம் பேரு வேணாம். நானா பேசுறேன்? நீங்கதான பேசுறீக."

ஆகவே அவருக்கு இங்கே பேர் கிடையாது. அவர் எங்கள் பள்ளியின் அஞ்சாம் வகுப்பு டீச்சராக இருந்தவர். தங்கச்சிமடத்துக்காரர். அப்பா, அண்ணன், வீட்டுக்காரர் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். நெடுநெடுவென்று உயரம். கழுத்தில் மெல்லிய சங்கிலியில் ஒரு சிலுவை. காலையில் எத்தனை மணிக்கு எழுந்து சமைப்பாரோ, அவருடைய டிபன் பாக்ஸைத் திறந்தால் மீன் குழம்பு வாசனையில் என் தயிர் சாதம் கூச்சப்படும்.

அவர் போனில் ஹலோ சொல்லி நான் கேட்டதே இல்லை. எடுத்ததும் தன் பேரைச் சொல்லி, "பேசுறேன்" என்பார். அவருடைய எண் என் போனில் பேரோடு பதிந்திருக்கிறது. அவர் குரல் எனக்குத் தெரியும். பல நேரம் அவர் பேசுவது பக்கத்து வகுப்பறையிலிருந்து. சுவரைத் தாண்டி நேராகவே காதில் விழும். இருந்தாலும் பேர் சொல்லாமல் ஒரு வார்த்தை வராது. "தெரியுது டீச்சர், மேல சொல்லுங்க" என்று ஒரு நாள் சிடுசிடுத்தேன். "உங்களுக்குத் தெரியும். ஆனா நான் சொல்லணும்ல" என்றார். வீட்டுக்காரரைக் கூப்பிட்டாலும் அப்படித்தான். அந்த மனுஷன் எப்படித்தான் பொறுத்துக்கொண்டாரோ!

பிள்ளைகளைத் திட்டும்போதும் இதே கூத்துதான். "ஏலே, நான் உன் டீச்சர் சொல்றேன், நீ செஞ்சது தப்பு" என்று கண்ணைப் பார்த்துச் சொல்வார். அதற்குமேல் ஒரு சொல் இருக்காது. நானோ திட்ட ஆரம்பித்தால் அவன் தாத்தா வரைக்கும் போய்விட்டுத்தான் திரும்புவேன். கடைசியில் பையன்கள் என் திட்டுக்குச் சிரித்தார்கள், அவருடைய ஒரு வரிக்கு அழுதார்கள். எனக்கு அது கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.

நான் வந்த புதிதில் ஒரு மதியம் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் தலைமையாசிரியரைப் பற்றி ஏதோ சொன்னேன். பெரிதாக ஒன்றுமில்லை, நம்ம சாருக்கு லீவு லெட்டர் எழுதும்போது மட்டும் கையெழுத்து முத்து முத்தாக வருகிறது என்றேன். அவர் சிரிக்கவில்லை. எழுந்து வாசலுக்குப் போய், "சார், நான்தான் பேசுறேன்" என்று பேரும் சொல்லிவிட்டு, "உங்களப் பத்தி இங்கன ஒரு பேச்சு ஓடுது. நீங்க இல்லாம நல்லாருக்காது, வாங்க" என்று கூப்பிட்டார். தயிர் சாதம் எனக்குப் புரையேறியது. சார் வந்தார். வேறு வழியில்லாமல் அதையே அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அன்றிலிருந்து எங்களுக்குள் புறம் பேசுகிற வழக்கம் அடியோடு நின்றுபோயிற்று. உண்மையைச் சொன்னால், சாப்பாட்டு வேளையே ருசி கெட்டுப்போன மாதிரி முதலில் எனக்கு இருந்தது.

இந்தப் பேர்ப் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்பதை அவர் சொன்னது பாம்பன் பாலத்தின்மேல். ராமநாதபுரத்தில் ஒரு பயிற்சிக்காக இரண்டு பேரும் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தோம். நான் கம்மாயைத் தாண்டித் தண்ணீர் பார்க்காதவள். பாலம் வந்தால் கண்ணை இறுக்க மூடிக்கொள்வேன். என் பயம் தெரியாமல் இருக்கட்டுமென்று அவர் பேச்சுக் கொடுத்தார்.

விசைப்படகுகளில் வயர்லெஸ் செட் இருக்கும். நடுக்கடலில் போனுக்கு டவர் கிடையாது, இந்த மைக்தான். ஒருவர் பேசினால் அந்தச் சேனலில் இருக்கிற எல்லாப் படகுக்கும் கேட்கும். கரையில் சில வீடுகளிலும் செட் வைத்திருப்பார்கள். மைக்கின் பக்கவாட்டில் ஒரு பட்டன். அதை அமுக்கிக்கொண்டிருக்கிறவர்தான் பேச முடியும். அவர் கையை எடுக்கிறவரைக்கும் மற்றவர்கள் காத்திருக்க வேண்டும்.

"நான் டீச்சர் டிரெய்னிங் படிச்சிட்டிருந்த சமயம்" என்றார். "எங்க தெருவுல எங்க வீட்லதான் செட்டு. காத்து பலமா இருந்த ஒரு நாளு, திடீர்னு ஒரு குரல், எங்க அய்யா படகு பேரச் சொல்லி, முங்கிருச்சுன்னுச்சு. அம்புட்டுத்தான். யாரு எவரு ஒன்னும் சொல்லல. எங்கம்மா மண்ணுல உருண்டு அழுவுறாக. தெருவே கூடிருச்சு. பொழுது சாய எங்க அய்யா மீன் கூடையோட வந்து நிக்கிறாக, என்ன கூட்டம்னு கேட்டுக்கிட்டு."

நான் கண்ணைத் திறந்துவிட்டேன். பஸ் பாலத்தின் நடுவில் இருந்தது.

"எவனோ விளையாட்டுக்குச் சொல்லிருக்கான் டீச்சர். எவன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. எங்க வீட்ல வந்து காப்பித்தண்ணி குடிச்சவனாத்தான் இருக்கும். அதுக்கப்பறம் எங்க ஊரு படகுக்காரக எல்லாரும் பேசி முடிவு பண்ணாக. மைக்கப் பிடிச்சா முதல்ல பேரு. பேரு சொல்லாம எவனாச்சும் பேசினா, மத்த படகு அத்தனையும் மாறி மாறி, பேரு என்ன, பேரு என்னன்னு கேக்கும். சொல்ற வரைக்கும் விடாது. அதுக்கப்பறம் செட்டுல ஒரு கெட்ட வார்த்த கேக்கல. பேரச் சொல்லிட்டு எவன் அசிங்கமாப் பேசுவான்?"

அவர் அண்ணனின் பழைய படகை உடைத்து விற்றபோது, உயிர் போன செட்டை இவர் கேட்டு வாங்கி அஞ்சாம் வகுப்பு மேசையில் வைத்துவிட்டார். சுருள் வயரும் கறுப்பு மைக்கும் அப்படியே இருந்தன. யாரைப் பற்றிப் புகார் என்றாலும் அந்த மைக்கைப் பிடித்துப் பட்டனை அமுக்கி, முதலில் தன் பேரைச் சொல்லிவிட்டுத்தான் சொல்ல வேண்டும். யாரைப் பற்றிச் சொல்கிறோமோ அந்தப் பிள்ளை எதிரில் இருக்க வேண்டும். பட்டனை அமுக்கியிருக்கும்போது வேறு யாரும் வாயைத் திறக்கக்கூடாது. பாதிப் பிள்ளைகளுக்கு மைக்கைக் கையில் வாங்கிய சந்தோஷத்தில் புகாரே மறந்துவிடும். "நான் டெல்சி பேசுறேன், ஒன்னுமில்ல டீச்சர்" என்று சிரித்துக்கொண்டே போய்விடும்.

ஒரு முறை பள்ளியைப் பற்றி எங்கள் சாருக்கு ஒரு மொட்டைக் கடுதாசி வந்தது. அதில் அஞ்சாம் வகுப்பு டீச்சர்தான் வில்லி. சார் பயந்துகொண்டே அதை அவரிடம் காட்டினார். அவர் அதை வாங்கி அறிவிப்புப் பலகையில் குத்தி, கீழே "எழுதியவர் பேரைச் சொன்னால் பதில் சொல்கிறேன்" என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டார். மழை வந்து அது கரைகிற வரைக்கும் ஒருத்தரும் வரவில்லை.

இப்படிப்பட்டவர் ஒரு தடவை இடறினார். அவரைப் பற்றி எழுத வேண்டுமென்று எனக்குத் தோன்றியதே அந்தத் தடவைக்காகத்தான்.

கொரோனா காலத்தில் பள்ளி மூடியிருந்தபோது வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் தொடங்கினோம். பள்ளி திறந்த பிறகும் அது நிற்கவில்லை. அஞ்சாம் வகுப்புப் பிள்ளைகள் சாயங்காலம் பாடத்தில் ஒரு பத்தியை வாசித்து அதில் வாய்ஸாக அனுப்ப வேண்டும். வாசிக்கும் முன்னால், இவர் சட்டப்படி, பேர் சொல்ல வேண்டும். அந்த வகுப்பில் பிரின்சி என்று ஒரு பெண் இருந்தாள். சுருட்டை முடி. கணக்கில் புலி. பேச்சில் திக்கு. வாசிக்கும்போது அவ்வளவாகத் தெரியாது. தொடக்கத்தில்தான் கஷ்டம். "நான் பி... பி... பி..." என்று அவள் பேர் தொண்டையில் நின்றுவிடும். நின்று, மோதி, பிறகு வெளியே வரும். வகுப்பில் அவளை யாரும் ஒன்றும் சொன்னதில்லை. இவர் இருக்கிறவரை சொல்லவும் முடியாது.

ஆனால் நாலாம் வகுப்பும் அஞ்சாம் வகுப்புமாகப் பிள்ளைகள் தங்களுக்குள் வேறு ஒரு குரூப் வைத்திருந்தார்கள். வகுப்பு குரூப்பில் வருகிற வாய்ஸ்களையும் அதில் தள்ளிவிடுவார்கள். எல்லாம் அம்மா அப்பா போன்தான். எங்கள் யாருக்கும் அது தெரியாது. ஒரு சாயங்காலம் அதில் ஒரு வாய்ஸ் வந்தது. நாட்டுப்படகு எஞ்சினைக் கைப்பிடி போட்டுச் சுற்றினால் சில நேரம் உடனே பிடிக்காது. டுக், டுக், டுக் என்று திக்கி நின்றுவிடும். அந்தச் சத்தத்தையும் பிரின்சியின் "பி... பி... பி..."யையும் மாற்றி மாற்றி ஒட்டி, கடைசியில் "எஞ்சின் பழுது, கரைக்குத் தள்ளுங்கப்பா" என்று ஒரு குரல். கேட்டவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்கள் அடுத்த குரூப்புக்கு அனுப்பினார்கள். அது பாம்பன் போய், மண்டபம் போய், படகுக்காரர்களின் குரூப் வரைக்கும் போய்விட்டது. மறுநாள் பள்ளிக்கு வரும் வழியில் முன்பின் தெரியாத ஒரு பையன் சைக்கிளில் போகிறபோக்கில் பிரின்சியைப் பார்த்து "டுக் டுக் டுக்" என்றான். அவள் அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் வரவில்லை. காய்ச்சல் என்று சொன்னார்கள். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. வந்த விதமும் இந்தக் கரையில்தான் நடக்கும். வாய்ஸ் முதலில் வந்தது என் வகுப்பு நிக்சனுடைய அப்பாவின் எண்ணிலிருந்து. பிரின்சியின் அம்மா அந்தப் பேரைப் பார்த்துவிட்டு நேராக அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"உம் புருசன் எம் பிள்ளைய நக்கல் பண்ற அளவுக்கு வந்துட்டாகளா? வளந்த ஆம்பளையா அவுக?"

நிக்சனின் அம்மா சேலையை வரிந்துகொண்டு வெளியே வந்தார். "வாய அளந்து பேசு. அந்த வாய்ஸு வந்த அன்னிக்கு எம் புருசன் கடலுக்குப் போயிருந்தாக. அவுக நடுக்கடல்ல இருக்கும்போது அங்கன டவரே கெடையாது. அவுக எப்படிடி போடுவாக?"

சண்டை அங்கேயே நின்றுவிட்டது. கடலில் இருந்த மனுஷன் போடவில்லை. போன் வீட்டில் இருந்திருக்கிறது. இரண்டு அம்மாக்களும் கூடியிருந்த தெருவும் ஒரே நேரத்தில் திரும்பி, கதவுக்குப் பின்னால் நின்றிருந்த நிக்சனைப் பார்த்தார்கள்.

நிக்சன் என் வகுப்பிலேயே கெட்டிக்காரன். அவன்தான் என்று கேள்விப்பட்டதும் எனக்கு வந்த கோபத்துக்கு அவன் முன்னால் இல்லாமல் போனது அவன் அதிர்ஷ்டம். தோலை உரித்துவிடுகிறேன் என்று குதித்தேன். சாரோ இரண்டு வீட்டாரையும் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்க வைத்து முடித்துவிடலாம் என்றார்.  அஞ்சாம் வகுப்பு டீச்சர் தன் போனை எடுத்து வகுப்பு குரூப்பில் பிரின்சி அனுப்பிய வாய்ஸ்களை ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "வாங்க டீச்சர், அவ வீட்டுக்குப் போவோம்" என்றார்.

பிரின்சி உள்ளறை வாசலில் நின்றாள். எதைக் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினாள். "வீட்ல கூடப் பேச மாட்டேங்குறா டீச்சர்" என்றார் அவள் அம்மா. "தண்ணி வேணும்னா செம்பத் தூக்கிக் காட்டுறா. இப்பிடியே போனா ஸ்கூல நிப்பாட்டிட்டு திருச்சில எந் தங்கச்சி வீட்ல கொண்டுபோய் விட்ருவேன். இந்த ஊரே வேணாம் எம் புள்ளைக்கு."

டீச்சர் தரையில் உட்கார்ந்தார். வழக்கம்போலத் தன் பேரைச் சொன்னார். "பிரின்சி, உன் குரல அவங்க எங்கயிருந்து எடுத்தாக? நான் குடுத்த வீட்டுப்பாடத்துல இருந்துதான். அந்த குரூப்புல எல்லாரும் எடுக்கிற மாதிரி அதப் போட வச்சது நானு." பிறகு கேட்டார். "உனக்கு எல்லாத்தவிட உம் பேரச் சொல்றதுதான் கஷ்டமா?"

பிரின்சி ஆமாமென்று தலையை ஆட்டினாள். அவள் கண்ணிலிருந்து நீர் கொட்டியது.

  திரும்பி நடக்கும்போது டீச்சர் பாதி வழியில் நின்றார்.

"பேரச் சொல்லு, பேரச் சொல்லுன்னு இத்தன வருசமா அடிச்சிக்கிட்டேன் டீச்சர். பேரே நெஞ்சுல இடிக்கிற பிள்ள ஒன்னு இருக்கும்னு தோணலயே எனக்கு. தினம் சாயங்காலம் அவளுக்கு எது முடியாதோ அதையே செய்யச் சொல்லிருக்கேன். நல்லதுன்னு நெனச்சுட்டு."

"அப்ப அந்தச் சட்டத்த எடுத்துருங்க" என்றேன்.

"எடுத்துட்டா அந்த எஞ்சின் சத்தத்த போட்டவனுக்குல்ல வசதியாப் போகும்" என்றார்.  யோசித்துக்கொண்டே நடந்தார்.

மறுநாள் நாலாம் வகுப்பையும் அஞ்சாம் வகுப்பையும் ஒன்றாக உட்கார வைத்தார். மேசைமேல் பழைய செட். நிக்சன் கடைசி வரிசையில் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். அவன் பேரைச் சொல்லி டீச்சர் எழுப்புவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள், நானும்தான். அவர் மைக்கைத் தானே எடுத்துப் பட்டனை அமுக்கினார். தன் பேரைச் சொன்னார்.

"பிரின்சியோட குரல எல்லாரும் கேக்குற எடத்துல போட வச்சது நானு. அவளுக்கு எது கஷ்டம்னு நான் கேக்கல. இனிமே வாய்ஸு குரூப்புக்கு வேணாம், எனக்கு மட்டும் அனுப்பினாப் போதும்" என்று சொல்லிவிட்டு மைக்கை மேசையில் வைத்து ஒதுங்கி நின்றார்.

 டெல்சிதான் முதலில் எழுந்து வந்தாள். "நான் டெல்சி பேசுறேன். நான் அதக் கேட்டுச் சிரிச்சேன்." அடுத்து ஒரு பையன் வந்தான். "எங்க மாமா மகனுக்கு அனுப்புனேன்." இன்னொருத்தி, "எனக்குப் பிடிக்கல, ஆனா ஒன்னும் சொல்லல" என்றாள். அதைச் சொல்லிவிட்டு அவள்தான் அழுதாள். ஒவ்வொருவராக வந்தார்கள். கடைசியில் நிக்சன் வந்தான்.  "நான் நிக்சன் பேசுறேன்" என்றான். பட்டனை அமுக்கியபடியே நின்றான். நாங்கள் காத்திருந்தோம். "நான்தான் செஞ்சேன். எல்லாரும் சிரிப்பாகன்னு செஞ்சேன். இம்புட்டு தூரம் போகும்னு தெரியாது."

"அவ எதிர்ல இருந்தா அத மைக்குல சொல்லிருப்பியாலே?" என்று கேட்டார் டீச்சர்.

"மாட்டேன் டீச்சர்."

"போன்லயும் அவ எதிர்லதான்ல இருந்தா? உனக்குத் தெரியல, அவ்வளவுதான்."

பிறகு அவர் பிள்ளைகளுக்குச் சொன்னது இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி இருந்தது. போனும் கடல் மைக் மாதிரிதான், எல்லாப் படகுக்கும் கேட்கும். ஒருத்தர் முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை அதில் சொல்லாதே. உன்னைப் பற்றி யாராவது அசிங்கமாகப் போட்டால் பதிலுக்குப் பதில் பேசாதே, கடலில் ஆபத்து என்றால் என்ன செய்வோம், கரைக்குச் சொல்வோம். கரை என்றால் வீட்டில் பெரியவர்கள், இங்கே நாங்கள். இன்னொரு பிள்ளையைப் பற்றி வந்தால் அடுத்த ஆளுக்குத் தள்ளிவிடாதே, உன்னோடு நிறுத்து, அதையும் கரைக்குச் சொல். சார் போனில் மட்டும் அந்த வாய்ஸ் ஒன்று இருக்கட்டும் என்றார். நாளைக்கு யாரும் அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று சொல்லக்கூடாது அல்லவா?

மீதியை யார் யாருக்கு அனுப்பினார்களோ, அனுப்பியவர்களே போய் அழிக்கச் சொல்லிவிட்டு வர வேண்டும். தண்டனை அதுதான். அந்த வாரம் சாயங்காலங்களில் எங்கள் பிள்ளைகள் மாமா வீடு, சித்தப்பா வீடு, பாம்பன், மண்டபம் என்று அப்பா அம்மாவை இழுத்துக்கொண்டு அலைந்தார்கள். விரித்த வலையைத் திருப்பி இழுக்கிற மாதிரிதான். எல்லாவற்றையும் அள்ள முடியாது என்று டீச்சர் முன்பே சொல்லியிருந்தார். "கடல்ல கொட்டுனது முழுசாக் கைக்கு வராது. அதுக்காக இழுக்காம விடலாமா?"

நிக்சன் தன் அம்மாவோடு பிரின்சி வீட்டுக்குப் போனான். வாசலில் நின்று பேரைச் சொன்னான். பிரின்சி கதவைச் சாத்திவிட்டாள். அவன் அதை என்னிடம் வந்து சொன்னபோது, சரி, அது அவள் உரிமை என்று சொன்னேன். திட்டவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அதன் பிறகும் சில நாள் அவள் வரவில்லை. டீச்சர் தினமும் பள்ளி விட்டதும் அந்தத் தெரு வழியாகவே போனார். வாசலில் நின்று தன் பேரைச் சொல்வார், ஒரு கணக்கைக் கொடுப்பார், போய்விடுவார். பேசச் சொல்லவே இல்லை. மறுநாள் விடை ஒரு துண்டுத் தாளில் வாசல்படியில் இருக்கும். எல்லாம் சரியாகவே இருக்கும். ஒரு நாள் அந்த மைக்கைக் கையோடு கொண்டுபோய்க் காட்டினாராம். "பிரின்சி, இத அமுக்கிட்டே இருக்கிற வரைக்கும் எவனும் பேச முடியாது. அது உனக்குத் தெரியும்ல? சட்டத்துல நான் மறந்துபோன பாதி அதுதான். பேரச் சொல்லணும்னு சொன்னேன். எம்புட்டு நேரம் வேணா எடுத்துக்கலாம்னு சொல்லல."

ஒரு திங்கட்கிழமை அவள் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பிரார்த்தனை முடிந்து அஞ்சாம் வகுப்புக்குள் போனாள். சுவருக்கு இந்தப் பக்கம் என் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. திடீரென்று அங்கே சத்தமே இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை, போய் வாசலில் நின்றேன். எனக்குப் பின்னால் என் வகுப்பும் வந்துவிட்டது.

பிரின்சி மேசைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். மைக் அவள் கையில். கட்டை விரல் பட்டனை அமுக்கியிருந்த அழுத்தத்தில் நகம் வெளுத்திருந்தது.

"நான் பி..."

நின்றது. அவள் கண்கள் மூடிக்கொண்டன. கழுத்து நரம்பு புடைத்தது. சொல்லிக் கொடுத்துவிடலாமா என்று என் வாய் துறுதுறுத்தது. நான் அப்படிப்பட்டவள், பிறர் பேச்சை முடித்து வைக்கிற ஜாதி. டீச்சர் என்னைப் பார்த்து ஒரு விரலை உயர்த்தினார். அவள் இன்னும் பட்டனிலிருந்து கையை எடுக்கவில்லை.

"பி... பி... பி..."

ஒரு பிள்ளை இருமவில்லை. ஒரு பிள்ளை பக்கத்துப் பிள்ளையைப் பார்க்கவில்லை. நிக்சன் என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். கடலிலிருந்து காற்று வந்து சன்னல் கதவை அடித்தது. அத்தனை பேரும் அவளுக்காகக் காத்திருந்தார்கள்.

"...பிரின்சி பேசுறேன்."

மூச்சு வாங்கினாள். பட்டனை விடவில்லை. "எ... எனக்கு அது பிடிக்கல. இனிமே யா... யாருக்கும் அப்படிச் செய்யாதீக." அவ்வளவுதான். கையை எடுத்தாள். மைக்கை மேசையில் வைத்துவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள்.

யாரும் கைதட்டவில்லை. தட்டக்கூடாது என்று டீச்சர் முன்பே சொல்லிவைத்திருந்தார். வித்தை காட்டினவளுக்குத்தான் கைதட்டுவாக, இவ பேச வந்தவ என்றாராம். அவர் திரும்பிக் கரும்பலகையில் கணக்கை எழுதத் தொடங்கினார். முதல் வரியில் ஒரு எண்ணைத் தப்பாக எழுதினார்.  அந்தத் தப்பைப் பார்த்தபோது, இவரோடு ஒரே பள்ளியில் வேலை பார்க்கிறேன் என்பதில் எனக்கு வந்த பெருமை, சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு வேலை கிடைத்த அன்றைக்குக்கூட வரவில்லை. அந்தப் பிள்ளைகளை நினைத்தும் அதே பெருமைதான். அதில் நிக்சனும் உண்டு.

டீச்சர் மாறுதலாகித் தொண்டிப் பக்கம் போய்விட்டார். செட்டை என் வகுப்பு மேசைக்குக் கொடுத்துவிட்டுப் போனார். பிரின்சிக்குத் திக்கு போகவில்லை. அது போகிற விஷயமும் இல்லை. தங்கச்சிமடத்தில் பெரிய பள்ளியில் படிக்கிறாள் என்று கேள்விப்படுவேன். பாலத்தில் நான் இப்போது கண்ணை மூடுவதில்லை. அரைக்கண்தான்.

போன மாதம் ஒரு சாயங்காலம் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. எடுத்தேன். மறுபக்கம் ஒன்றும் கேட்கவில்லை. மூச்சு மட்டும். முன்பெல்லாம் இப்படி வந்தால் "யாருய்யா அது?" என்று ஒரு சத்தம் போட்டு வைத்துவிடுவேன். அன்று ஏனோ வைக்கவில்லை. காதில் வைத்துக்கொண்டு நின்றேன். அடுப்பில் பால் பொங்கியது. போய் அணைத்துவிட்டு மறுபடியும் நின்றேன்.

"நான் பி... பி... பிரின்சி பேசுறேன் டீச்சர்."

"சொல்லு கண்ணு" என்றேன். 

"அ... அஞ்சாம் வகுப்பு டீச்சரோட புது நம்பர் வேணும். அவங்ககிட்ட ஒன்னு சொல்லணும்."

"என்ன விஷயம்? என்கிட்ட சொல்லேன், நான் சொல்லிர்றேன்." எனக்கு எப்போதும் அவசரம்தான்.

மறுபக்கம் சிரிப்பது கேட்டது. "இல்ல டீச்சர். அவங்களப் பத்தின வி... விஷயம். அவங்ககிட்டயே சொல்லிக்கிறேன்."

எண்ணைச் சொன்னேன். வேறு எதுவும் கேட்கவில்லை.